ஒரு கப்புக்கு அரைக்கிற மிஷின்

தங்கை: உன் போனைக் குடு.

அண்ணன்: என்னது?

தங்கை: போனு. கையில வச்சிருக்கியே, அது. குடு.

அண்ணன்: ஏய்... அம்மா உனக்கு என்ன சொல்லி வளர்த்திருக்கு? அண்ணன்கிட்ட எதை வேணா கேளு, போனை மட்டும் கேக்காதேன்னு சொல்லியிருக்கா இல்லையா?

தங்கை: சொல்லியிருக்கு. தட்டுல சோறு விழுறப்ப எல்லாம் சொல்லியிருக்கு. அதான் வீட்டுல கேக்காம கடைக்கு வந்து கேக்குறேன்.

அண்ணன்: எதுக்கு?

தங்கை: மிஷினைப் பத்தித் தேடிப் பாக்கணும். இந்த அக்கா இத்தனை மிஷினை வரிசையா வச்சிருக்காங்க. வாங்கினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்க வேணாமா?

அண்ணன்: உன் போன்ல பாரு.

தங்கை: சார்ஜ் இல்ல. செத்துப் போச்சு.

அண்ணன்: காலையில சொருகி வச்சிருந்தியே?

தங்கை: சொருகினேன். சுவிட்ச் போட மறந்துட்டேன்.

அண்ணன்: பட்டதாரி... சுவிட்ச் போட மறந்துட்டாளாம்.

கடைக்காரம்மா: தம்பி, பாப்பா, உங்க போன் சண்டையை வாசல்ல வச்சுக்கங்க. காபிக்கொட்டை அரைக்க வீட்டுக்கு மிஷின் வேணும்னு கேட்டீங்க. எடுத்து வச்சாச்சு. மேசையில இருக்கிறதை எல்லாம் தொட்டுப் பாக்கலாம். பெட்டியைப் பிரிச்சா மட்டும் வாங்கியே ஆகணும்.

தங்கை: வாங்கத்தான் வந்திருக்கோம்க்கா.

கடைக்காரம்மா: எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முக்கால் மணி நேரம் தடவிப் பாத்துட்டு, கம்மியா கிடைக்குதான்னு போன்ல தேடிட்டுப் போயிடறாங்க. நீ வந்ததுமே போனைக் கேட்டியா, எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

அண்ணன்: நாங்க அப்படி இல்லக்கா. தங்கச்சிக்கு நான் வாங்கித் தர்றேன்.

தங்கை: அதான் எனக்குப் புரியல.

அண்ணன்: என்ன புரியல?

தங்கை: நீ வாங்கித் தர்றது. ரெண்டு லைட் எரிஞ்சா ஒண்ணை அணைக்கிற ஆளு நீ. உன் மெக்கானிக் ஷெட்டுக்கு யாராவது வந்தா ஒரு டீயை ரெண்டா ஊத்துவே. திடீர்னு எனக்கு செருப்பு வாங்கினே. அப்புறம் டேபிள் ஃபேன். இப்ப காபி மிஷின். உண்மையைச் சொல்லு, யாரு வீட்டுக்குத் தீ வச்சே?

அண்ணன்: பாத்தீங்களாக்கா? வாங்கித் தந்தாலும் திட்டு.

கடைக்காரம்மா: எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவன் வாங்கித் தந்தா நானும் சந்தேகப்படுவேன்.

அண்ணன்: அது போகட்டும், பஸ்ல இருந்தே கேக்கணும்னு இருந்தேன், உன் தோள்ல என்ன அது? ஒரு மிஷின் வாங்க இவ்வளவு பெரிய பையா?

தங்கை: மிஷினைத் தலையில வச்சா கொண்டு போறது?

அண்ணன்: மிஷின் இல்லாமலே உப்பியிருக்கே.

தங்கை: குடை இருக்கு. துணி இருக்கு. தையல் கடைக்குப் போகணும்.

அண்ணன்: தையல் கடை இன்னைக்கு லீவு.

தங்கை: அப்ப குடை மட்டும் இருக்குன்னு வச்சுக்க.

கடைக்காரம்மா: இதைப் பாருங்க. பிளேடு வச்சது. மூடியை அழுத்தினா சுத்தும், எடுத்தா நிக்கும். நிறையப் போறது இதுதான்.

தங்கை: அது வேணாம்க்கா. அது அரைக்காது, வெட்டும். பாதி மாவாயிடும், பாதி குருணையா நிக்கும். மாவு கசக்கும், குருணையில ஒண்ணும் இறங்காது. ஒரே கப்புல ரெண்டு காபி, ரெண்டும் கேவலம்.

கடைக்காரம்மா: அடேயப்பா. பாப்பா என்ன படிச்சிருக்கு?

அண்ணன்: சாப்பாட்டைப் பத்திப் படிச்சிருக்கா. காலேஜ்ல. சாப்பிடறதுக்கு எதுக்கு ஒரு படிப்புன்னு தெருவே கேட்டுச்சு.

தங்கை: தெரு கேக்கல. நீதான் கேட்டே.

அண்ணன்: கேட்டுட்டு ஃபீஸ் கட்டினது யாரு?

தங்கை: நீதான். பஸ்ல வரும்போதும் சொன்னே. இங்கயும் சொல்லிட்டே. இன்னும் யாருகிட்ட சொல்லணும், சொல்லு, கூட்டிட்டுப் போறேன்.

கடைக்காரம்மா: சரி சரி, பிளேடை ஓரமா வச்சிடறேன். இது பல் சக்கரம் வச்சது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நடுவுல கொட்டை நசுங்கி ஒரே மாதிரி விழும். இந்தத் திருகைத் திருப்பினா நைஸ், இந்தப் பக்கம் திருப்பினா ரவை.

அண்ணன்: ஆங்! இது மிஷின். தூக்கிப் பாரு, மோட்டார் வெயிட்டைப் பாரு. ஒரு ஸ்கூட்டரையே கிளப்பிடும் போல. அக்கா, உள்ள பேரிங்கா, புஷ்ஷா?

கடைக்காரம்மா: எனக்கு என்ன தம்பி தெரியும்? ஓடும். ஓடலைன்னா ரெண்டு வருஷத்துக்கு மாத்தித் தருவோம்.

அண்ணன்: இதையே போடுங்க.

தங்கை: போடாதீங்க. அது எட்டுக் கப்புக்கு அரைக்கிறது.

அண்ணன்: இருக்கட்டுமே.

தங்கை: நம்ம வீட்டுல காபி குடிக்கிறது நீயும் நானும். அம்மாவுக்கு வாசனை பட்டாலே தலை வலிக்கும். மிச்சம் ஆறு கப் யாருக்கு?

அண்ணன்: வர்றவங்க போறவங்க...

தங்கை: நம்ம வீட்டுக்கு யாரு வர்றா? கரண்ட் மீட்டர் பாக்கறவரு. அவருக்கு ஆறு கப் குடுத்தா மீட்டரைத் தப்பா எழுதிட்டுப் போயிடுவாரு.

கடைக்காரம்மா: ஹா... இவ வாய் இருக்கே!

அண்ணன்: வாய்தான் இருக்கு. ஏய், இங்க பாரு. நீ வீட்டுலயே இருக்கே. வேலைக்குப் போக முடியலைன்னு மனசுக்குள்ள ஒரு இது இருக்கும். காலையில நல்ல காபி போட்டுக் குடிச்சா கொஞ்சம்... அதுக்குத்தான் பெருசா ஒண்ணு வாங்கி வைக்கலாம்னு பாத்தேன்.

தங்கை: போக முடியலைன்னா?

அண்ணன்: என்ன?

தங்கை: நீ என்கிட்ட, கிடைக்கலைன்னு சொன்னே. இப்ப போக முடியலைன்னு சொல்றே.

அண்ணன்: ரெண்டும் ஒண்ணுதானே.

தங்கை: ஒண்ணா?

அண்ணன்: ஒண்ணுதான். அக்கா, அந்தப் பெருசுல வெள்ளைக் கலரை எடுங்க.

கடைக்காரம்மா: என்ன வேலை பாப்பா?

தங்கை: மலை மேல ஒரு காபிக் கிடங்குக்கா. வர்ற கொட்டையை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வறுத்து, அரைச்சு, ருசி பாத்துத் தரம் சொல்லணும். இன்டர்வியூவுல கப் கப்பா வச்சு எதுல கோளாறுன்னு கேட்டாங்க. ஒண்ணுல ஈரச் சாக்கு வாசனை அடிச்சுது. சொன்னேன். அங்க இருந்த மேடம் நிமிந்து பாத்தாங்க. கட்டாயம் கூப்பிடறோம்னு சொன்னாங்க.

கடைக்காரம்மா: அப்புறம்?

தங்கை: கூப்பிடவே இல்லையாம்.

கடைக்காரம்மா: இல்லையாம்னா? உன்னைத்தானே கூப்பிடணும்?

தங்கை: நம்பர் என்னோடது இல்லக்கா. அண்ணனோடது. எங்க வீட்டுல அப்படித்தான். பொம்பளைப் பிள்ளை நம்பரைக் கண்ட இடத்துல குடுக்கக் கூடாது. காலேஜ்ல சேர்ந்தப்பவும் அண்ணன் நம்பர். லைப்ரரியில புஸ்தகம் திருப்பித் தரலைன்னா கூட இவருக்குத்தான் போன் வரும். ஷெட்டுல சைலன்சரைக் கழட்டிக்கிட்டே, எந்தப் புஸ்தகம்னு கேட்டு எனக்கு வந்து சொல்லுவாரு.

கடைக்காரம்மா: நல்ல குடும்பம்மா.

அண்ணன்: பாதுகாப்புக்குத்தான் அக்கா. காலம் கெட்டுக் கிடக்கு.

தங்கை: காலம்தான் கெட்டிருக்கு. சரி. அந்தக் கண்ணாடிக்குள்ள, ஓரத்துல, சின்னதா ஒண்ணு நிக்குதே. அதை எடுங்கக்கா.

கடைக்காரம்மா: அதுவா? கையில சுத்துறது. அதை யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு கப்புக்குத்தான் அரைக்கும்.

தங்கை: போதும்.

அண்ணன்: கையிலயா? கரண்ட் கண்டுபிடிச்சு எவ்வளவு நாளாச்சு, தெரியுமா?

தங்கை: கொஞ்சம் கொட்டை குடுங்கக்கா. சுத்திப் பாக்குறேன்.

கடைக்காரம்மா: இந்தா. ஒரு பிடிதான். சாம்பிள் கொட்டைக்கு நான் தனியா தண்டம் அழறேன்.

தங்கை: ம்... நல்லாப் பிடிக்குது. நழுவல. சத்தம் கேளுங்க. பக்கத்துக் கட்டில்ல ஆள் தூங்கினா எழுந்திருக்க மாட்டாங்க.

அண்ணன்: பக்கத்துக் கட்டில்ல யாரு?

தங்கை: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அண்ணன்: குடு இப்படி. கைப்பிடியில ஆட்டம் இருக்கு.

தங்கை: அது ஆட்டம் இல்ல. மடக்கிக்கலாம். அந்தக் கொக்கியை எடுத்தா பக்கவாட்டுல ஒட்டிக்கும். பாரு... இப்ப ஒரு டம்ளர் அளவுதான்.

அண்ணன்: எதுக்கு மடக்கணும்? அடுப்படி மேடையில நிக்கப் போற மிஷினை எவளாவது மடக்குவாளா?

தங்கை: இடம் அடைக்காது.

அண்ணன்: நம்ம மேடையில இடமா இல்ல?

தங்கை: அக்கா, அரைச்சதை ஒரு பேப்பர்ல தட்டுங்க... பாருங்க. மாவும் இல்ல, குருணையும் இல்ல. ஒரே மாதிரி. இதான் வேணும்.

அண்ணன்: வேணாம். அக்கா, அவ சொல்றதைக் கேக்காதீங்க. வெள்ளைக் கலர், பெருசு.

தங்கை: கரண்ட் போனா?

அண்ணன்: நம்ம தெருவுல எங்கடி கரண்ட் போகுது?

தங்கை: நம்ம தெருவுல போகாது. ஆனா சில இடத்துல போகுதே. அந்த மலைக்கு நான் இன்டர்வியூ போனப்ப, உக்காந்திருந்த கொஞ்ச நேரத்துல ரெண்டு தடவை போச்சு. மழைக்காலத்துல நாள் முழுக்க வராதாம். என் இடத்துல யாரை எடுத்தாங்களோ... பாவம், ராத்திரி எல்லாம் இருட்டுல உக்காந்து...

அண்ணன்: பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குவார்ட்டர்ஸுக்குத் தனியா ஜெனரேட்டர் இருக்கு. அக்கா, வெள்ளைக் கலர் என்ன விலை சொன்னீங்க?

கடைக்காரம்மா: நான் இன்னும் விலையே சொல்லல தம்பி.

தங்கை: குவார்ட்டர்ஸா?

அண்ணன்: என்ன?

தங்கை: குவார்ட்டர்ஸ்னு சொன்னே. ஜெனரேட்டர்னு சொன்னே.

அண்ணன்: பொதுவா சொன்னேன். கம்பெனின்னா குவார்ட்டர்ஸ் இருக்கும். குவார்ட்டர்ஸ்னா ஜெனரேட்டர் இருக்கும்.

தங்கை: நீ அந்த மலைப்பக்கமே போனதில்ல. இன்டர்வியூவுல, தங்க இடம் உண்டான்னு நானே வாயைத் திறந்து கேட்டேன். முடிவானதும் போன்ல சொல்றோம்னுதான் சொன்னாங்க. போன்ல. முடிவான ஆளுக்கு மட்டும். யாரு போன்ல சொன்னாங்க, அண்ணா?

அண்ணன்: கடையில வச்சு என்னடி விசாரணை?

தங்கை: போனைக் குடுன்னு முதல்லயே கேட்டேன். குடுத்திருந்தா விசாரணையே இல்ல.

அண்ணன்: நீ பேச்சை மாத்தாதே. உன்னை நான் கேக்க வேண்டியது நிறைய இருக்கு. வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பெரிய பை. கேட்டா குடைங்கறே, துணிங்கறே. மிஷின் ஒரு கப்புக்குப் போதும்ங்கறே, மடக்கணும்ங்கறே. பக்கத்துக் கட்டில்ல ஆள் எழுந்திருக்கக் கூடாதாம்! யாரு அவன்?

தங்கை: எவன்?

அண்ணன்: அதைத்தான் கேக்குறேன். எங்க வேலை பாக்குறான்?

தங்கை: உன் மூளை அந்தச் சந்துக்குள்ளதான் போகும்னு தெரியும். அவன் இருந்தா ரெண்டு கப் மிஷின் எடுத்திருக்க மாட்டேனா?

கடைக்காரம்மா: அது நியாயம்.

அண்ணன்: நீங்க சும்மா இருங்கக்கா! உன் போனைக் காட்டு.

தங்கை: இந்தா. வாங்கு. பூட்டு கூட இல்ல. யாரு கேட்டாலும் குடுக்கிற மாதிரிதான் வச்சிருக்கேன்.

அண்ணன்: சார்ஜ் இல்லைன்னு சொன்னே?

தங்கை: பொய் சொன்னேன். வீட்டுல ஒருத்தர் நல்லாக் கத்துக் குடுத்திருக்காரு.

அண்ணன்: இதுல... யாரு இது?

தங்கை: கடைசியா நான் பேசின நம்பர். பாரு. நல்லாப் பாரு. உன் போன்லயும் இருக்கும். நீ அழிச்சிருப்பே. ஆனா கடைசி நாலும் ஒரே எண்ணு. அதை மறக்க முடியாது, இல்ல?

அண்ணன்: நீ... நீயா கூப்பிட்டே?

தங்கை: நானேதான். திட்டுறதுக்குத்தான் கூப்பிட்டேன். ஈரச் சாக்கு வாசனையைச் சரியாச் சொன்னேனே, ஏன் எடுக்கலைன்னு சண்டை போட. அந்த மேடம், "உங்க அண்ணன்கிட்ட எல்லாம் சொன்னோமே, அவருதான் உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னு சொன்னாரு"ன்னாங்க. இஷ்டம் இல்லையாம். எனக்கு.

கடைக்காரம்மா: அட கடவுளே.

தங்கை: அது மட்டுமா? எனக்கு உடம்பு சரியில்ல, மலைக் குளிர் ஒத்துக்காதுன்னு வேற சொல்லியிருக்கே. எனக்கு என்ன வியாதிண்ணா? பேரையாவது சொல்லு, மாத்திரை வாங்கிக்கிறேன்.

அண்ணன்: கத்தாதே.

தங்கை: கத்துவேன். அன்னைக்கு சாயங்காலம் நான் வாசல்ல உக்காந்திருந்தேன். நீ வண்டியை நிறுத்திட்டு வந்து, வேற ஆளை எடுத்துட்டாங்களாம், விடும்மான்னு என் தலையைத் தடவினே. அந்தக் கையால தடவினே. நான் அழுதப்ப நீயும் கண்ணைத் துடைச்சே. அதான் என்னால தாங்க முடியல. பொய் சொன்னியே, சொல்லிட்டுப் போ. எதுக்கு அழுதே?

அண்ணன்: ...அழுகை பொய் இல்ல.

தங்கை: அப்ப என்ன அது?

அண்ணன்: நீ போயிட்டா நான் அந்த வீட்டுல யாருகிட்ட பேசுவேன்? சொல்லு. அப்பா தவறினதுல இருந்து அம்மா என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுதா? நான் பக்கத்துல நிக்கிறேன், "உங்க அண்ணனைச் சாப்பிட வரச் சொல்லு"ன்னு உன்கிட்ட சொல்லும். நானும் "அம்மாவைத் தூங்கச் சொல்லு"ன்னு உன்கிட்டதான் சொல்றேன். நீ போனா... ரெண்டு பேரும் அந்தச் சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கிறது?

தங்கை: இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.

அண்ணன்: சொல்லியிருந்தா நின்னிருப்பியா?

தங்கை: நின்னிருக்க மாட்டேன். ஆனா வாரா வாரம் வந்திருப்பேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போன் கம்பி மாதிரி கிடக்கிறதுக்கா நான் படிச்சேன்? நீ ஷெட்டுல கையைத் தேய்ச்சுத்தான் என்னைப் படிக்க வச்சே. தெரியும். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக நான் படிச்சதைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, பெட்டி மேல ஒரு காபி மிஷினைத் தூக்கி வைப்பியா? எட்டுக் கப்பு மிஷின்! அது மிஷின் இல்லண்ணா, நான் நகராம இருக்க நீ வச்ச வெயிட்டு.

கடைக்காரம்மா: பாப்பா, தண்ணி குடிக்கிறியா?

தங்கை: வேணாம்க்கா. இந்தச் சின்ன மிஷினைப் போடுங்க. பெட்டி வேணாம், அப்படியே குடுங்க.

அண்ணன்: இரு... நான் தர்றேன் காசு. நான்தானே வாங்கித் தர்றேன்னு சொன்னேன்.

தங்கை: உன் காசு வேணாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தேனே, அது இருக்கு. இந்தாங்கக்கா.

அண்ணன்: சரி, உன் காசுலயே வாங்கு. வீட்டுக்குப் போய் உக்காந்து பேசலாம். அந்த மேடம்கிட்ட நானே பேசுறேன். தப்பு என் மேலன்னு சொல்றேன். இடம் இன்னும் இருந்தா...

தங்கை: இருந்துச்சு. முந்தாநாளே வர்றேன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை என் நம்பர் குடுத்திருக்கேன்.

அண்ணன்: முந்தாநாளா? அப்ப இன்னைக்கு மிஷின் வாங்கலாம்னு நான் கூப்பிட்டதும் சட்டுனு கிளம்பி வந்தியே, அது...

தங்கை: பஸ் ஸ்டாண்டு இந்தக் கடைக்கு எதிர்லதானே இருக்கு.

அண்ணன்: இன்னைக்கேவா?

தங்கை: நாளைக்குக் காலையில அங்க நிக்கணும். ரூம்ல என்னோட இன்னொரு பொண்ணு. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து தூங்குவாளாம். சத்தம் போடாத மிஷின் ஏன்னு இப்பப் புரியுதா? நீ ஒரு நல்ல வார்த்தை சொல்லுவேன்னுதான் இவ்வளவு நேரம் நின்னேன். முதல்ல போனைக் கேட்டப்பவே, "ஆமாம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்"னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா ரோட்டைத் தாண்டியிருப்போம். நீயே பையைத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டிருப்பே.

அண்ணன்: இப்பத் தூக்கிட்டு வர்றேன். குடு.

தங்கை: வேணாம். வெயிட் இல்ல.

கடைக்காரம்மா: பாப்பா, கைப்பிடியை மடக்கி வை. பை கொள்ளாது போல இருக்கே...

தங்கை: கொள்ளும்க்கா. பாருங்க, கச்சிதமா உக்காந்துடுச்சு.

அண்ணன்: கொஞ்சம் இரு. பஸ் எத்தனை மணிக்கு? ஏய்... நில்லு! நீ பாட்டுக்குப் போயிட்டா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

தங்கை: அம்மாவுக்குப் பதில் வேண்டாம். இந்தப் பையை அடுக்கினதே அம்மாதான். இன்னைக்கு ஒரு நாள் அண்ணன்கிட்ட போனைக் கேட்டுப் பாருன்னு சொன்னதும், இந்த ஓரத்துல மிஷினுக்கு ஒரு டம்ளர் அளவு இடம் விட்டு வச்சதும் அம்மாதான்... வீட்டுக்குப் போ. வாசல்லயே உக்காந்திருக்கும். நேரா பேசு.